கழிவுக்கு எடுத்தவர்கள்

கட்டுப்பாடு என்ற சொல்லை நாங்கள் முதன்முதலில் நிலத்தைப் பற்றித்தான் கேட்டோம். இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதி, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி. தன் ஊர் இன்றைக்கு யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதை விடிய எழும்பி வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைகளிடம், மனிதனுக்குத் தன் மீது கட்டுப்பாடு வேண்டும் என்று யாரும் போதித்ததாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. அந்தப் போதனை பாரிசுக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவும் எங்கள் ஆட்களிடமிருந்து.

"இப்ப வாற பெடியளுக்கு ஒரு கட்டுப்பாடு இல்லை." லாச்சப்பலில் மரக்கறி வாங்க நிற்கிற இடத்தில், சலூனில், கோயில் வாசலில் இந்த வசனத்தைக் கேட்காத கிழமை இல்லை. சொல்பவர்கள் எண்பதுகளில் வந்தவர்கள். கோப்பை கழுவி, பேப்பர் போட்டு, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள். அவர்கள் பட்ட பாட்டை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் 2009க்குப் பிறகு வந்த எங்களைப் பார்த்து அவர்கள் இதைச் சொல்லும்போது, அதற்குள் ஒரு கணக்குப் பிழை இருப்பதாகவே எமக்குப் படுகிறது. அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம்.

நாங்கள் என்பது, ஒரே குசினியில் வேலை செய்து ஒரே அறையில் ஐந்து வருடம் படுத்தெழும்பிய நான்கு பேர். (குசினி என்பது போத்துக்கேயன் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொல். பிரெஞ்சுக்காரனும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறான். இந்த மொழியில் நாங்கள் படிக்காமலே விளங்கிக்கொண்ட ஒரே சொல் அது.)

சீட்டைப் பற்றி இந்தச் சஞ்சிகை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் கணக்கு என்று சொன்னபடியால் ஒருதரம் போட்டுப் பார்க்கலாம். இருபது பேர், மாதம் ஆளுக்கு 500 யூரோ, இருபது மாதம். மொத்தம் 10,000. காசு அவசரமாகத் தேவைப்படுகிறவர் கழிவு கூறுவார். 2,600 கழிவுக்கு ஒருவர் எடுத்தால் அவர் கையில் கிடைப்பது 7,400. கழிந்த 2,600 இருபது பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஆளுக்கு 370 கட்டினால் போதும். அவசரமில்லாதவர் கடைசி மாதம் வரைக்கும் இருந்து 10,000ஐயும் முழுதாக எடுப்பார். அதுவரைக்கும் மற்றவர்களின் கழிவில் தன் தவணையையும் குறைத்துக் கட்டியிருப்பார். ஆக, கடைசியாக எடுப்பவரின் இலாபம் என்பது முதலில் எடுத்தவர்களின் நட்டம். பொறுமைக்குத் தாச்சி எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுக்கிற வட்டி அல்ல அது.

2013 தொடக்கத்தில் ஒரு சீட்டில் எங்கள் அறை நண்பர் ஒருவரும் சேர்ந்தார். இரண்டாவது மாதமே 2,600 கழிவுக்குக் கூறினார். கூடியிருந்தவர்கள் ஆளையாள் பார்த்தார்கள். இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிற, எங்கள் மீது உண்மையிலேயே அன்புள்ள ஒரு அண்ணர் சொன்னார்:

"தம்பி, உமக்கு ஒரு பொறுமை வேணும். இப்பிடி எடுத்தால் எப்பவாவது முன்னுக்கு வரலாமே? கடைசி மட்டும் இரும். முழுசா எடுக்கலாம்."

நண்பர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அண்ணை, கடைசி மாசம் நான் இஞ்ச இருப்பன் எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ. நான் பொறுக்கிறன்."

சிலர் சிரித்தார்கள். அண்ணருக்குக் கோபம் வந்தது. அவர் பையில் பத்து வருடக் காட் இருந்தது. நண்பரிடம் இருந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ரிசிப்பிசே. ஊரில் காணியை ஈடுவைத்துப் பயணத்துக்குக் காசு எடுத்திருந்தார். வட்டி மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்தது. இருபதாவது மாதம் என்பது அண்ணருக்கு ஒரு திகதி. நண்பருக்கு அது ஒரு வதந்தி.

அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை பற்றி எங்களில் ஒருவர் அடிக்கடி சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு வந்தவர். நகரசபை நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, அகராதியோடு இருந்து வாசிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அறுபதுகளின் கடைசியில் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில் வோல்ற்றர் மிஷெல் என்ற உளவியலாளர் செய்தது. நாலு ஐந்து வயதுப் பிள்ளையின் முன் ஒரு இனிப்பை வைப்பார்கள். இப்போதே சாப்பிட்டால் ஒன்று. வெளியே போகிற ஆள் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு. பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும் மாஷ்மலோ என்ற இனிப்பின் பேரால்தான் அது பிரபலமானது. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பிலும் வாழ்விலும் முன்னுக்கு வந்தார்கள் என்று பின்னர் எழுதினார்கள். உலகமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டது. வாயைக் கட்டியவன் வாழ்வான் என்பது எந்த முதலாளிக்கும் எந்த அப்பாவுக்கும் இனிக்கிற முடிவுதானே.

அந்தப் பிள்ளைகளில் அனேகர் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் என்பதை நெடுங்காலம் பெரிதாக யாரும் பேசவில்லை. 2018இல் வேறு ஆய்வாளர்கள் பல தரப்பட்ட குடும்பங்களிலிருந்து 900க்கு மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களை எடுத்துப் பார்த்தார்கள். வீட்டு நிலைமையைக் கணக்கில் சேர்த்ததும் காத்திருந்ததன் மகிமையில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று.

எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொரு பரிசோதனை. செலெஸ்ற் கிட் என்ற பெண் செய்தது. அவர் முன்பு கலிபோர்னியாவில் வீடற்ற குடும்பங்கள் தங்கும் இல்லமொன்றில் தொண்டு வேலை செய்தவர். அங்கே பிள்ளைகளின் கையில் இருப்பது எந்த நேரமும் பறிபோகலாம். இந்தப் பிள்ளைகள் என்றால் இனிப்பை அந்தக் கணமே சாப்பிட்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 2012இல் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திலிருந்து அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில் 28 பிள்ளைகள். இனிப்பைக் காட்டுவதற்கு முன், படம் கீறக் கொஞ்சம் பழைய வர்ணக்குச்சிகளைக் கொடுத்து, பொறுத்திருந்தால் நல்லவை கொண்டுவந்து தருவோம் என்றார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மற்றப் பாதிக்கு வெறுங்கையோடு வந்து, "மன்னிக்கவேணும், இருக்கிறதென்று நினைத்தோம், இல்லை" என்றார்கள். அதற்குப் பிறகுதான் இனிப்பு. சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம். அந்தப் பதினான்கு பேரில் பதினைந்து நிமிடமும் முழுதாக இருந்தது ஒரே ஒரு பிள்ளை.

அந்த ஒரு பிள்ளையைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அது நல்ல பிள்ளையா, மடப்பிள்ளையா என்று இரவு இரண்டு மணிவரை கதைத்தோம். முடிவு காணவில்லை.

ஏனென்றால் நாங்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தவர்களையே கண்டு வளர்ந்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்களில் மூத்தவருக்கு ஏழு வயது. எல்லா வீட்டிலும் ஒரு அலுமாரி இருந்தது. அதற்குள் நல்லநாள் பெருநாளுக்கு என்று வைத்த பீங்கான் கோப்பைகள், அக்காவின் சடங்குக்கு என்று மடிப்புக் குலையாமல் வைத்த சேலை, விருந்தாளி வந்தால் எடுக்கிற வெள்ளிக் கரண்டிகள். பிள்ளைகள் தொடக்கூடாது. நாங்கள் அலுமினியக் கோப்பையில் தேத்தண்ணி குடித்தோம். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அலுமாரி இல்லை. சில வீடுகளில் கூரையும் இல்லை. அந்த நல்ல கோப்பையில் ஒருநாளாவது தேத்தண்ணி குடித்திருக்கலாமே என்று எங்கள் ஒருவரின் அம்மா கன காலம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிய கோப்பைகள் எல்லாம் அவர் வீட்டில் முதல் நாளே குசினிக்கு வந்தன. அதே ஒழுங்கையில் இன்னொரு அம்மா எதிர்ப்பக்கம் போனார். பவுணைப் பாவாடை விளிம்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, பசித்தாலும் அதைப் பிரிக்கமாட்டார். ஒரே இரவு, ஒரே இடப்பெயர்வு. ஒருத்தி இனிப்பை உடனே சாப்பிடப் பழகினாள், மற்றவள் எந்தக் காலத்திலும் சாப்பிடாமல் இருக்கப் பழகினாள். இதில் யாருக்குக் கட்டுப்பாடு அதிகம் என்று கேட்பது வீண் கேள்வி என்றே நினைக்கிறோம்.

வன்னியிலோ சேமித்தவர்கள் கதை இதைவிட மோசம். 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் சனம் காசு போட்டது, நகை அடைவு வைத்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவர்கள் தான் அதில் போட்டிருப்பார்கள். குடித்து அழித்தவன் வைப்பில் இடுவதற்கு என்ன இருந்திருக்கும்? 2009 மே மாதத்தோடு வைப்பகமும் இல்லை, புத்தகத்துக்கும் பெறுமதி இல்லை. இராணுவத்திடம் போன நகைகளில் ஒரு சிறு பகுதி 2014இல் சிலருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில்தான் ஒரு தொகுதியை இராணுவம் பொலிசிடம் கையளித்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லித்தந்த வாத்தியாருக்கு இந்தப் பூமியைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்கும்!

மிஷெலுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அவரே ஒரு அகதிப் பிள்ளை. 1930இல் வியன்னாவில் பிறந்த யூதர்; நாசிகள் ஒஸ்ரியாவுக்குள் வந்ததும் 1938இல் எட்டு வயதில் குடும்பத்தோடு ஓடி, கடைசியில் நியூயோர்க்கின் புறூக்ளினில் ஒதுங்கியவர். மாஷ்மலோவுக்கு முன்பே, 1958இல், திரினிடாட் தீவில் அவர் செய்த ஆய்வொன்று வெளியானது. அங்கே இந்திய வம்சாவளியினரும் ஆபிரிக்க வம்சாவளியினரும் அருகருகே வாழ்கிறார்கள். இந்தியர் மற்றவர்களைப் பார்த்து, நாளையைப் பற்றி யோசிக்காமல் இன்றைக்கே அழிக்கிற சனம் என்பார்கள். மற்றவர்கள் இந்தியரைப் பார்த்து, காசைப் படுக்கைக்குக் கீழே ஒளித்துவைத்துவிட்டு வாழத் தெரியாமல் சாகிற சனம் என்பார்கள். மிஷெல் பிள்ளைகளிடம் போய், இன்றைக்குச் சின்ன இனிப்பா, அடுத்த கிழமை பெரிய இனிப்பா என்று கேட்டுப் பார்த்தார். இனத்தைவிட வலுவாக ஒன்று அவர் கண்ணில் பட்டது: வீட்டில் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இன்றைக்கே தா என்றார்கள். வருகிறேன் என்று சொன்ன ஒரு ஆண் திரும்பி வருவான் என்று நம்ப அந்தப் பிள்ளைகளுக்குக் காரணம் குறைவு என்பதுபோல அவர் விளக்கினார். எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் அப்படி என்று எண்ணத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறெங்கோ போய்விடும்.

நண்பரின் விடயத்துக்கு வருவோம். காத்திருக்கத் தெரியாதவர் என்று பேர் வாங்கிய அந்த மனிதர் உண்மையில் எதைத்தான் செய்துகொண்டிருந்தார்? காத்துக்கொண்டுதான் இருந்தார். விசாரணைக் கடிதத்துக்காக, பிறகு முடிவுக்காக, நிராகரித்த பிறகு மேன்முறையீட்டுத் திகதிக்காக. அந்த நாட்களில் முடிவு பதிவுத் தபாலில் வரும். தபால்காரன் வரும் நேரம் நாங்கள் எல்லோரும் வேலையில். பின்னேரம் வந்து தபால்பெட்டியைத் திறக்கிறவரின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் விளங்கிக்கொள்வோம். ஒன்றும் இல்லாத நாள்தான் பொல்லாத நாள்.

2016இல் இலண்டனில் சிலர் இதையும் அளந்திருக்கிறார்கள். 45 பேரைக் கணினி முன் இருத்தி, கல்லுக்குக் கீழே பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு வந்தால் கையில் சிறிய மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது ஆட்கள் அவ்வளவு பதறவில்லை. பாம்பு இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு உள்ளபோதுதான் வியர்த்துக் கொட்டியது. பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதை என்று தாண்டவும் முடியாமல் என்று எங்கள் ஆச்சிமார் மின்சாரம் இல்லாமலே சொல்லிவைத்த விடயம்.

இந்தப் பாதிக்குப் பாதியில் வருடக்கணக்காக நிற்கிறவன் மற்ற நேரங்களில் எப்படி இருப்பான்? எங்கள் அறையில் இரண்டு விதமும் இருந்தது. ஒருவர் வேலை முடிந்து வரும் வழியில் தபாவுக்குள் நுழைந்து திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நாட்களில் ரப்பிடோ, 2013க்குப் பிறகு அமிகோ. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இலக்கம் விழும். பேராசை என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒருநாள் அவரே சொன்னார்: "இஞ்ச அஞ்சு நிமிசத்தில முடிவு சொல்லுறாங்கள், மச்சான்." இரண்டு வருடமாகப் பதில் சொல்லாத நாட்டில் ஐந்து நிமிடத்தில் இல்லை என்று சொல்கிற ஒரு இயந்திரம். அவர் அங்கே காசைக் கொடுத்து வாங்கியது அந்த இல்லையைத்தான் போலிருக்கிறது. இதை நியாயப்படுத்தவில்லை. வீட்டுக்கு அனுப்பவேண்டிய காசு போனது, மனைவி ரெலிபோனில் அழுதது எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் கட்டுப்பாடு இல்லை என்ற இரண்டு சொல்லில் அது அடங்காது.

மற்றவர் நேரெதிர். முட்டையும் பாணும்தான் சாப்பாடு. குளிருக்கு ஒரே ஜக்கற். மூன்று வருடம் ஒரு படம் பார்க்கவில்லை, ஒரு பியர் குடிக்கவில்லை. அண்ணர்மார் உதாரணம் காட்டியது இவரைத்தான். 2015இல் இவருக்குப் பத்து வருடக் காட் கிடைத்தது. எல்லோரும் கேக் வெட்டினோம். அதற்குப் பிறகும் அவர் முட்டையும் பாணும்தான். கதவுக்குப் பின்னால் ஒரு பையில் உடுப்பும் பத்திரங்களும் கட்டியபடி இருந்தன. மனைவி வந்து, பிள்ளையும் பிறந்து, வீடும் மாறிய பிறகு போனபோது அந்தப் பை புது வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தது. மனைவி அதைக் காட்டி எங்களிடம் ஒன்றும் பேசாமல் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

குசினியில் மட்டும் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம் என்பது இப்போது யோசிக்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது. இரவுக்கு நாற்பது பேர் வருவார்களா நூற்றிருபது பேர் வருவார்களா என்று எந்த செவ்வுக்கும் தெரியாது. அதற்காக யாரும் பதறுவதில்லை. பின்னேரம் நான்கு மணிக்கே மிஸ் ஒன் பிளாஸ் தொடங்கும். வெங்காயம் வெட்டி, சோஸ் காய்ச்சி, இறைச்சியை அளவாகப் பிரித்து, துவாயை மடித்து இடுப்பில் சொருகி, கத்தியைத் தீட்டி, எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட வேண்டும். எட்டரைக்கு ஓடர்கள் விழத் தொடங்கியதும் யோசிக்க நேரமில்லை. கை தானாகப் போகும். ரப்பிடோவில் நின்று காசை விட்ட அதே மனிதர் அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு வார்த்தை பிசகாமல், ஒரு துளி சிந்தாமல் நிற்பார். செவ் கத்தினாலும் முகம் மாறாது. அவரிடம் கட்டுப்பாடு இருக்கிறதா இல்லையா? எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாவிட்டாலும், நான்கு மணிக்கு வெட்டிய வெங்காயம் எட்டரைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை யாரும் எடுத்துக்கொண்டு போகப்போவதில்லை. அந்த ஒரு உத்தரவாதம் போதும், மனிதன் எவ்வளவோ தாங்குகிறான்.

மிஷெலின் பிள்ளைகளும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டன, பாட்டுப் பாடின, முகத்தைத் திருப்பிக்கொண்டன. இனிப்பை மூடிவைத்தபோது இன்னும் அதிக நேரம் இருந்தன. நாங்களும் ஒரு கட்டத்தில் தபால்பெட்டித் திறப்பை கீழ்வீட்டு அல்ஜீரிய அம்மாவிடம் கொடுத்துவிட்டோம். பதிவுத் தபால் துண்டு வந்தால் மட்டும் கதவைத் தட்டுங்கள், மற்றபடி ஒன்றும் சொல்லவேண்டாம் என்று. அவர் சிரிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் நித்திரை வந்தது.

கழிவுக்குச் சீட்டெடுத்த நண்பரின் மேன்முறையீட்டு முடிவு 2014 மார்ச்சில் வந்தது. மொந்ரோயில் தீர்ப்புப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். வேலைக்கு லீவு போடாமல், இடைவேளையில் மெற்றோவில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு இரவுச் சமையலுக்குத் திரும்பி வந்தார். நாங்கள் கேட்கவில்லை. வெங்காயம் வெட்டத் தொடங்கினார். ஏப்ரலில் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டார். சீட்டில் இன்னும் ஐந்து தவணை இருந்தது. தாச்சி உட்பட எல்லோரும் அந்தக் காசைக் கைகழுவிவிட்டார்கள். ஆனால் ஐந்து மாதமும், தவணை நாளுக்கு முதல் நாள், யாரோ ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய காசு தாச்சியின் கடைக்கு வந்து சேர்ந்தது. இருபதாவது மாதம் அந்த அண்ணர் 10,000ஐயும் முழுதாக எடுத்தார். அதற்குள் நண்பரின் 2,600இலிருந்து பிரிந்த பங்கும் அவருக்கு வந்திருந்தது. அவர் இதைக் கணக்குப் பார்த்தாரோ தெரியாது. எங்களிடம் கட்டுப்பாடு பற்றி அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

இப்போது எங்களில் மூன்று பேரிடம் காட் இருக்கிறது. வருகிற மாதம் ஒரு புதுச் சீட்டுத் தொடங்குகிறது. சேரக் கேட்கிறவர்களில் மன்னாரிலிருந்து வந்த ஒரு பெடியன். எங்கள் குசினியில் கோப்பை கழுவுகிறான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் நிற்கிறது. முதல் மாதமே எடுக்கவேண்டும், எவ்வளவு கழிவு என்றாலும் பரவாயில்லை என்கிறான். பிணைக்கு ஆள் கொண்டுவா என்று தாச்சி சொல்லியிருக்கிறார். எங்களில் இரண்டு பேர் நிற்கலாம் என்கிறோம். மூன்றாமவருக்கு 2016இல் ஒரு சீட்டு உடைந்து 4,000 யூரோ போனது. தாச்சியின் ரெலிபோன் இன்றுவரை வேலை செய்யவில்லை. அவர் யோசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையல் முடிந்து, தட்டுகள் கழுவி அடுக்கிய பிறகு, பெடியனையும் வைத்துக்கொண்டு கதைப்பதாக இருக்கிறோம்.